பழம்பொருளும் எரிபொருள் செலவும்



ஒரு பொருளை எறியும்போது, அதைச் செய்யச் செலவான மின்சாரத்தையும் நிலக்கரியையும் சேர்த்தே எறிகிறோம். அலுமினியத்தைப் பாருங்கள். தாதுவிலிருந்து பெற்ற அலுமினாவை ஒரு கிலோ உலோகமாக்கச் சுமார் 14 யூனிட் மின்சாரம் வேண்டும். பழைய பாத்திரத்தை உருக்கினாலோ, புது உலோகத்திற்காகும் சக்தியில் ஏறக்குறைய 5 சதவீதமே போதும். ஆகவே ஓட்டைக் குண்டானைப் பழைய பாத்திரக்காரரிடம் போடுவதே முறை.

கண்ணாடி அப்படியன்று. சில்லுகளையும் சுமார் 1,500 டிகிரி உலையில் உருக்கியாக வேண்டும்; சில்லு மட்டுமே இட்டாலும் கால்பங்கு அளவே மிச்சமாகும். எனவே பாட்டிலை உடைக்காமல் கழுவி மறுபடி நிரப்புவதே சிக்கனம். தூய்மைக் காவலர்களின் கையும் காயப்படாது.

பிளாஸ்டிக் பை 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டது, நல்லதே. ஆயினும் துணிப்பை ஒன்றைச் செய்ய அதைவிடப் பன்மடங்கு சக்தி செலவாகிறது. கல்யாணத்தில் கிடைத்த மஞ்சள் பைகளைப் பெட்டியில் அடுக்கி வைப்பதால் யாருக்கு லாபம்? நாள்தோறும் கடைக்கு எடுத்துச் சென்றால்தான் அச்செலவு ஈடாகும்.

சாணத்தோடும் சாம்பலோடும் கலந்த பாட்டிலை வாங்குவாரில்லை. முழுப் பாட்டிலையும் உலோகத்தையும் வீடுதோறும் தனியே பெற, அடுத்த கிராம சபையில் ஒரு கிழமையைக் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள்.