கூடத்துக்குள் வந்த குத்துச்சண்டை

1962 மார்ச் 24. நியூயார்க்கில் எமில் கிரிஃபித்தும் பென்னி பாரட்டும் குத்துச்சண்டையில் மோதினார்கள். ஏபிசி தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. காசு கட்ட வேண்டியதில்லை. 12ஆவது சுற்றில் மூலையில் சிக்கிய பாரட்டுக்குச் சரமாரியாகக் குத்து. நடுவர் தடுப்பதற்குள் நினைவு போய்விட்டது. பத்து நாளில் இறந்தார். அந்தக் குத்துகளை அன்றிரவே மெதுவாக ஓட்டியும் காட்டினார்களாம்!

1964இல் ஏபிசி தன் வாராந்திரக் குத்துச்சண்டையை நிறுத்தியது. இன்று பெரிய சண்டை என்றால் பெரும்பாலும் பணம் கட்டித்தான் பார்க்க வேண்டும். அதனால் வீரர் வாங்கும் அடி குறைந்துவிட்டதா, என்ன?

1982இல் கொரிய வீரர் கிம் டுக்-கூ, இலவசமாக ஒளிபரப்பான சண்டையில் அடிபட்டு இறந்தார். உலகக் குத்துச்சண்டை கவுன்சில் 15 சுற்றை 12 ஆக்கியது அதற்குப் பிறகுதான். ஊரே பார்த்தது, கேள்வி எழுந்தது. எனவே, எல்லோரும் பார்க்க இலவசமாகவே காட்டட்டும் என்பது என் கட்சி. பிள்ளைகள் தூங்கிய பிறகு!