இன்சுலினும் நோன்பும்

(எக்கியார்குப்பம் மருத்துவ முகாமில் ஆற்றிய உரை)

“இன்சுலின் விலங்கினின்று எடுப்பதன்றோ? கொல்லாமை நோற்கும் நாம் அதனை ஏற்கலாமோ?” என முதியோர் சிலர் வினவுகின்றனர். வினா அறத்தின்பாற்பட்டதே. 1922இல் டொராண்டோவில் முதல் நோயாளிக்குச் செலுத்திய மருந்து மாட்டின் கணையத்தினின்று பிரித்ததே. நெடுங்காலம் மாடும் பன்றியுமே அதற்கு மூலமாயின. ஆயின், நுண்ணுயிர் வழி ஆக்கிய மனித இன்சுலினுக்கு 1982இல் அமெரிக்கா ஒப்புதலளித்தது. இன்று நாம் வாங்குவது பெரும்பாலும் அத்தகையதே. ஐயமுடையோர் குப்பியை மருத்துவரிடம் காட்டித் தெளிக.

சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை ஆய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோருள் மூன்றாண்டில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுற்றனர்; உணவும் நடையும் திருத்தியோருள் ஏறத்தாழ 39 விழுக்காட்டினரே. அளவறிந்து உண்ணும் நம் ஒழுக்கத்தின் பயன் இதனால் விளங்கும்.

எனினும், இன்சுலின் இடுவோர் நோன்பன்று தாமே ஊசியை நிறுத்துதலும், வழக்கமான அளவை இட்டுவிட்டு உண்ணாதிருத்தலும் உயிர்க்கு ஊறு. இரவுண்ணாமை நோற்போர்க்கும் மாலை அளவு மாற வேண்டியிருக்கலாம். ஆகவே, நோன்பு ஏற்குமுன் மருத்துவரிடம் உரைத்து அளவு கேட்டறிக. நம் உடலில் உறையும் உயிர்க்கு ஊறு செய்யாமையும் கொல்லாமையின் பகுதியே.