எதிர்க்கட்சி வாதம் முதலில்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விவாத நாகரிகம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சேரம்பாடிக்காரன். எங்க ஊர் டீக்கடை பெஞ்சில் தமிழ், மலையாளம் இரண்டிலும் விவாதம் நடக்கும். பாதி நாள் யானைதான் தலைப்பு. "காட்டை அழிச்சதே நீங்கதான்" என்பார் ஒருவர். யாரைப் பார்த்து? 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தாரைப் பார்த்து. அவர்களுக்கு வேலை தரத்தான் 1968இல் அரசே தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது; பின்னால் அது டான்டீ ஆயிற்று. வந்தவரா காட்டை வெட்டச் சொன்னார்? அவரும் சும்மா இருக்கமாட்டார். சொன்னவருடைய குலம் கோத்திரம் வரை போய்விடுவார். யானையை அப்புறம் யாரும் பேசுவதில்லை.

1943இல் நடந்ததைப் பாருங்கள். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா என்பது கேள்வி. இதைவிடச் சூடான தலைப்பு உண்டா? பிப்ரவரியில் சென்னை சட்டக் கல்லூரியில் அறிஞர் அண்ணாவும் பேராசிரியர் ரா.பி. சேதுப்பிள்ளையும் ஒரே மேடையில் வாதிட்டார்கள். மார்ச்சில் சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும். அண்ணாவுக்கு அப்போது வயது 33; எதிரே இருந்தவர்கள் மூத்த தமிழறிஞர்கள். அந்த வாதங்கள் 'தீ பரவட்டும்' என்று நூலாகவே வந்தன. கொளுத்தச் சொன்னவர் கம்பனைப் படிக்காதவர் அல்ல, அதைக் கவனிக்கணும். 1968 ஜனவரியில் உலகத் தமிழ் மாநாட்டின்போது, முதலமைச்சராயிருந்த அதே அண்ணாவின் ஆட்சியில் மெரினாவில் கம்பருக்குச் சிலை எழுந்தது. மனம் மாறியதா, பதவி மாற்றியதா, அது தனி வழக்கு!

இந்தப் பழக்கம் நமக்குப் புதுசில்லை. அருணந்தி சிவாசாரியாரின் 'சிவஞான சித்தியார்' நூலில் பரபக்கம்தான் முதலில் வரும், சுபக்கம் அப்புறம்தான். மாற்றார் கொள்கையை எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பார்.

நாளைக்கு மாணவர்கள் பட்டிமன்றம் இருக்கு. "யானையா, மனிதனா?" என்று தலைப்பு, எனக்குப் பிடிக்கல, இருக்கட்டும். யானைக் கட்சி பேசுகிற தம்பி, தங்கைகள் இன்றைக்கே ஒரு லைன் வீட்டுக்காரரிடம் பேசிட்டு வாங்க. மனிதர் கட்சி பேசுகிறவர்கள் வனக்காவலர் ஒருவரைப் பாருங்க. மேடையில் முதல் இரண்டு நிமிஷம் எதிர்க்கட்சி வாதத்தை அவர்களே தலையாட்டும்படி சொல்லணும். யார் நன்றாகச் சொல்கிறாரோ, அவருக்கு என் செலவில் தனிப் பரிசு. செயலாளர் குறித்துக்கொள்ளட்டும்.