பெருங்காயத்தின் மணம்



நம் இல்லத்து அஞ்சறைப் பெட்டியை அறியாதார் இலர். கடுகும் சீரகமும் மிளகும் கூடி வாழும் அப்பெட்டியில் பெருங்காயத்துக்கு மட்டும் இடமில்லை. இறுக மூடிய தனி டப்பாவே அதன் இருப்பிடம். காரணம், அதன் நெடி. ஜெர்மானியர் அதற்குப் ‘பேயின் மலம்’ என்றே பெயரிட்டனர். ஆயினும் பெருங்காயம் இல்லாத ரசத்தை நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாது. இம்முரண்பாட்டின் காரணம் யாது?

பெருங்காயம் ஒரு செடியின் பால். கொத்தமல்லி, சீரகம் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த அச்செடி ஆப்கானிஸ்தானம், ஈரான் முதலிய நாடுகளின் வறண்ட மலைச்சாரல்களில் வளர்வது. சில ஆண்டுகள் வளர்ந்த செடியின் வேர்த்தலையைச் சீவிவிடுவர். கசியும் பால் இறுகியதும் சுரண்டி எடுத்து, மீண்டும் சீவுவர். இப்பிசினின் நெடிக்குக் காரணம் கந்தகச் சேர்மங்கள். வெங்காயம், பூண்டு ஆகியவற்றின் நெடிக்கும் அத்தகைய சேர்மங்களே காரணம். ஆதலால்தான் அவ்விரண்டையும் விலக்கிய இல்லங்களில் பெருங்காயம் அக்குறையைத் தீர்த்து வைக்கிறது.

கட்டிப் பெருங்காயத்தைச் சிறிது கிள்ளிக் காய்ந்த எண்ணெயில் இடுங்கள். அது பொரிந்து உப்பும். நெடியின் ஒரு பகுதி ஆவியாகப் பறந்துவிடும். எஞ்சியது எண்ணெயில் கரைந்து உணவெங்கும் பரவும். தூளாயின், கடுகு வெடித்த பின்னர் இறுதியில் சேர்ப்பதே முறை. தீ மிஞ்சினால் கருகிக் கசக்கும். அளவு மிஞ்சினால் சாம்பார் கஷாயமாகிவிடும். கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் மாவும் கோந்தும் கலந்த கூட்டுப் பெருங்காயமே. அந்த மாவு கோதுமையாகவும் இருக்கக்கூடும். கோதுமை ஒவ்வாதோர் உறையைப் படித்துப் பார்த்தே வாங்குதல் நலம்.

ஆண்டுதோறும் சுமார் 1,200 டன் பெருங்காயத்தை நம் நாடு வெளிநாடுகளிலிருந்து வாங்கி வந்தது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில், பாலம்பூர் ஆய்வு நிறுவனத்தார் இதன் முதல் நாற்றை நட்டனர். பிசின் எடுக்க ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும். முகர்ந்தவுடன் முகம் சுளிக்கும் பொருளுக்காக இத்தனை முயற்சி!

‘நாற்றம்’ என்னும் சொல் பண்டைத் தமிழில் நறுமணத்தையும் குறித்தது. இன்றோ அச்சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிறோம். குடியாத்தத்திலிருந்து பேரணாம்பட்டுக்கும் ஆம்பூருக்கும் செல்வோர், தோல் பதனிடும் தொழிற்கூடங்களை நெருங்கியதும் அவ்வாறே செய்கின்றனர். பச்சைத் தோல் சுண்ணாம்பில் ஊறி, மயிர் நீங்கி, பதம் பெற்றுக் காலணியாகிறது. அக்காலணியை அணிய எவரும் கூசுவதில்லை. ஆனால் அத்தொழிலாளியின் பிள்ளை அருகே அமர்ந்தால் விலகி அமரும் மாணவரை என் ஆசிரியப் பணியில் கண்டதுண்டு. பாலாற்றைக் கெடுக்கும் கழிவுநீரைக் கண்டித்தல் வேறு. உழைப்பவர் உடையில் ஒட்டிய வாடைக்காக அவரை இகழ்தல் வேறு. முன்னது கடமை, பின்னது அறியாமை.

இன்று மாலை நீங்களே ஒருமுறை ரசத்துக்குத் தாளித்துப் பாருங்கள். சற்று முன் சுளித்த முகம் எவ்வாறு மலர்கிறதென்று காண்பீர்கள். நாளைக் காலை வகுப்பில், விலகி அமர்ந்த நண்பரின் அருகே நெருங்கி அமருங்கள்.