பிள்ளை தேறியதை எப்படி அறிவது?





நம்மில் பலர் வியாபாரக் குடும்பத்தார். நோன்பு மாதத்தில் பேரீச்சம்பழம் வேகமாக விற்றால், புதிதாக மாட்டிய விளம்பரப் பலகைதான் காரணம் என்று நாம் நினைப்பதில்லை. ஆனால் மதியிறுக்கம் எனும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் புதிய சிகிச்சை கொடுக்கும்போது மட்டும் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறோம்.

1998இல் அமெரிக்காவில் ஒரு செய்தி பரவியது. செக்ரிடின் என்பது செரிமானத்துக்கு உதவும் ஹார்மோன். வயிற்றுக் கோளாற்றைப் பரிசோதிக்க அந்த ஊசி போடப்பட்ட மூன்று பிள்ளைகள் பேச்சில் முன்னேறினார்கள் என்று மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயிரக்கணக்கான பெற்றோர் அந்த ஊசியைத் தேடி அலைந்தனர்.

மறு ஆண்டே அதைச் சோதித்துப் பார்த்தார்கள். 56 பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் செக்ரிடின், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. நான்கு வாரத்தில் இரு பிரிவினருமே தேறியிருந்தனர்! உப்புநீரைவிடச் செக்ரிடின் அதிகமாக எதுவும் செய்யவில்லை. முடிவைச் சொன்ன பிறகும் 69 விழுக்காட்டுப் பெற்றோர் அந்த ஊசியில் ஆர்வம் காட்டினர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வருமா?

உப்புநீரில் எப்படித் தேறினார்கள்? பிள்ளைகள் தாமாகவும் வளர்கிறார்கள். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும். மிகவும் மோசமான நேரத்தில்தான் நாம் புதிய மருந்தைத் தேடி ஓடுகிறோம். செலவு செய்து, துஆ கேட்டுக் காத்திருக்கும் கண்ணுக்குச் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும்.

ஆகவே, பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டுப் புதியதன் பின்னே போக வேண்டாம். எதையும் தொடங்குமுன் பலதுறை மருந்தகத்தில் கேட்போம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்ற வேண்டாம். இரண்டு வாரம் முன்பிருந்தே நோட்டில் எழுதுவோம்: எத்தனை மணி நேரம் தூங்கினான், எத்தனை சொல் தானாகச் சொன்னான், எத்தனை முறை தன்னை அடித்துக்கொண்டான். தொடங்கிய பிறகும் அதையே எழுதுவோம். நமது நோட்டு ஆய்வுக்கு ஈடாகாது. ஆனால் மருத்துவரிடம் பேசும்போது கைகொடுக்கும்.

யாராவது விலை உயர்ந்த சிகிச்சையை விற்க வந்தால் ஒன்றே ஒன்று கேட்போம்: "போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறீர்களா? அதில் என்ன தெரிந்தது?"

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பிள்ளை கற்றுக்கொள்ளும் இளவயது திரும்ப வராது. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் நலம் தருவானாக, ஆமீன்.