வாக்காளர் பட்டியலில் தொடங்கும் இனம்: நீலகிரி உள்ளாட்சித் தேர்தல்களை ஆராய்வோருக்கு

உள்ளாட்சித் தேர்தலில் மக்கள் வாக்களிக்கும் முறையில் இன அடையாளத்துக்கு உள்ள பங்கை ஆராயும் இம்மாநாடு உதகமண்டலத்தில் கூடியிருப்பது மிகப் பொருத்தமானது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7,35,394 பேரே வாழும் இம்மாவட்டத்தில், தமிழ்நாட்டின் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய அறுவகையினரும், படகரும், கூடலூர் வட்டாரத்தின் வயநாடன் செட்டிகளும், கேரளத்திலிருந்து வந்து குடியேறியோரும், சமவெளித் தமிழரும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியோரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். பிறப்பு, மொழி, வழக்கம், பூர்விகம் ஆகியவற்றால் தம்மை ஒரு கூட்டமாகக் கருதுவதோடு பிறராலும் அவ்வாறே கருதப்படும் மக்கட்குழுவையே இவ்வுரை இனம் என்று குறிக்கிறது. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மலைமக்களின் தலையையும் மூக்கையும் அளந்து வகுத்த பாகுபாடு தேர்தல் ஆய்வுக்கு எவ்வகையிலும் உதவாது.

இத்துறையில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் வாக்காளரின் மனத்திலிருந்தே தொடங்கி, இன்ன இனத்தார் இன்னாருக்கு ஏன் வாக்களித்தனர் என்று கேட்கின்றன. இக்கேள்வி தவறானதன்று, ஆனால் அதற்கு முன்பே கேட்கப்பட வேண்டியது வேறொன்று உண்டு. யார் பெயர் பட்டியலில் இருக்கிறது, எந்த முகவரியில் இருக்கிறது, அம்முகவரி எந்த வார்டில் விழுகிறது, அந்த வார்டில் யார் போட்டியிடலாம் என்பவை தீர்மானிக்கப்பட்ட பின்னரே வாக்காளர் சாவடிக்குள் நுழைகிறார். மனத்துக்குள் புகுவதற்கு நெடுங்காலம் முன்பாகவே இனம் பட்டியலுக்குள் புகுந்துவிடுகிறது என்பதே இவ்வுரையின் வாதம்.

இதற்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரின் வரலாற்றைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் வழியாக இலங்கைக்கு வயதுவந்தோர் வாக்குரிமை வந்தபோதே, இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் மட்டும் தாம் அங்கு நிலையாகக் குடியிருப்பவர் என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் வைக்கப்பட்டனர். உள்ளாட்சியில் கதவு இன்னும் இறுக அடைக்கப்பட்டது. கிராமச் சபைகளுக்கான சட்டம் 1937இல் திருத்தப்பட்டபோது தோட்டத்தில் வாழும் இந்தியத் தொழிலாளருக்கு அச்சபைகளில் வாக்கு வழங்கப்படவில்லை. 1947 நாடாளுமன்றத் தேர்தலில் சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்ட இலங்கை இந்தியக் காங்கிரசார் வென்றனர். தோட்டத் தொழிலாளர் வாக்குகள் வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன. இவ்வாறு அவர்கள் வாக்களித்த முறையே அவர்கள் வாக்கைப் பறிப்பதற்கு ஒரு காரணமாயிற்று என்று வரலாற்றாய்வாளர் பலர் கருதுகின்றனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்க, அடுத்த ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களைப் பட்டியலிலிருந்தும் நீக்கியது. 1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. குடியுரிமை மீண்ட பின்னரும் உள்ளாட்சியின் மனம் மாறவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட இடந்தரவில்லை. அத்தடை நீங்கியது 2018இல்தான். வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை தம் தெருவுக்கு ஒரு விளக்குக்கூடப் போட இயலாது என்றிருக்கையில், அம்மக்கள் தம் இனத் தொழிற்சங்கத் தலைவரையே நாடி வாக்களித்ததை இனப்பற்று என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது ஆய்வாகாது.

இவ்வரலாற்றின் மறுபாதி நீலகிரியில் நிகழ்ந்தது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம், ஏறத்தாழ 9,75,000 நாடற்றோருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்றும் வகுத்து, எஞ்சியவரைப் பிற்காலத்துக்கு ஒத்திவைத்தது; 1974இல் அவர்களும் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். தாயகம் திரும்பியோருக்கு வேலை தருவதற்காக 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களே பின்னர் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ என்னும் அரசுத் தேயிலை நிறுவனமாயின. கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் இவர்கள் குடியமர்ந்த லயன் வீடு, அதாவது வரிசையாகக் கட்டப்பட்ட தோட்டக் குடியிருப்பு, நிறுவனத்துக்கே உரியது. வேலை ஓய்ந்தால் வீட்டையும் விட வேண்டும். பட்டாவோ வீட்டுவரி ரசீதோ தம் பெயரில் இல்லாத ஒருவருக்கு, முகவரிச் சான்று என்பது தோட்ட அலுவலகத்தின் தயவாகிவிடுகிறது. கூடலூரில் ஜென்மம் என்னும் பரம்பரை நிலவுடைமையின் கீழிருந்த நிலங்களின் உரிமை 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் முழுமையாகத் தீராமையால், அவ்வட்டாரத்தில் குடியேறியோர் பலரும் இதே தவிப்பில் உள்ளனர். ஆகவே பந்தலூரில் ஒரு குடியிருப்பு மொத்தமாக ஒரு வேட்பாளருக்கு வாக்களித்திருந்தால், பூர்விகத்தைக் கேட்பதற்கு முன், மின் இணைப்புக்கும் கதவு எண்ணுக்கும் அங்கே யார் உறுதி தந்தார் என்று கேட்க வேண்டும்.

சாதிச் சான்றிதழின் கதையும் இத்தகையதே. தாயகம் திரும்பியோருள் பட்டியல் சாதியினர் கணிசமானோர். சமவெளியில் தம் பாட்டன் பிறந்த ஊர் எதுவென்றும் உறவினர் எவரென்றும் வருவாய்த் துறைக்கு மெய்ப்பிக்க இயலாதவர்கள் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்துள்ளனர். ஒதுக்கீட்டு வார்டில் அவர்கள் வாக்களிக்கலாம்; வேட்பாளராக நிற்க முடியாது. அந்த வார்டில் அவர்கள் வேறொரு குழுவினருக்கு வாக்களித்ததை இனம் கடந்த வாக்கு என்று பாராட்டும் கட்டுரை, நிற்க விடப்படாத வேட்பாளரைக் காணத் தவறுகிறது.

படகர் நிலை இதற்கு நேர் எதிரானது. நாக்குபெட்டா என்று அவர்கள் அழைக்கும் இம்மலையில், தொதநாடு, பொரங்காடு, மேற்குநாடு, குந்தை என்னும் நான்கு சீமைகளாகவும், ஒவ்வொரு சீமையிலும் ஹட்டி எனப்படும் நெருக்கமான ஊர்களாகவும் வாழும் அவர்களுக்குச் சொந்த நிலமும், ஊர்த் தலைவரான கவுடரின் கீழ் கூடிப் பேசி முடிவெடுக்கும் மரபும் உண்டு. வார்டு எல்லை ஹட்டியின் எல்லையோடு பொருந்தும் இடத்தில் ஊர்முடிவு தேர்தல் முடிவாவது இயல்பு. இரண்டு ஹட்டிகள் ஒரே ஊராட்சியில் இணையும் இடத்திலோ, போட்டி படகருக்கும் படகருக்கும் இடையே கடுமையாக மூள்கிறது. யார் நிற்கலாம் என்பது மாறினால் இந்நிலையும் மாறும்: 1962இல் படகர் சமூகத்தின் அக்கம்மா தேவியை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய இதே மலை, தொகுதி தனித்தொகுதியான 2009 முதல் படகரல்லாத உறுப்பினரையே தேர்ந்து வருகிறது.

அடையாளம் எப்போது வாக்காகிறது, எப்போது ஆவதில்லை என்பதை 2019 டிசம்பர் 27, 30 ஆகிய நாள்களில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் ஓர் ஆய்வுக்கூடம் போலக் காட்டியது. வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் நான்கு நிறத்தில் நான்கு சீட்டுகள் தரப்பட்டன. வார்டு உறுப்பினருக்கு வெள்ளையும் ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பும் ஆகிய முதலிரண்டில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத்துக்குரிய பச்சையிலும் மாவட்டத்துக்குரிய மஞ்சளிலும் கட்சிச் சின்னம் உண்டு. ஒரே மனிதர், ஒரே மறைப்புக்குள், அதே நிமிடத்தில் இளஞ்சிவப்புச் சீட்டில் தெருவையும் உறவையும் எண்ணி ஒரு முத்திரையும், மஞ்சள் சீட்டில் கட்சியை எண்ணி இன்னொரு முத்திரையும் குத்த முடிகிறது. அவருடைய இனம் மாறவில்லை. அவர் முன் வைக்கப்பட்ட கேள்வி மாறியது. நீலகிரியின் 35 ஊராட்சிகளின் நான்கு வகை முடிவுகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும் விரிவான ஆய்வை இங்குள்ள இளம் ஆய்வாளருள் ஒருவரேனும் மேற்கொள்ள வேண்டும்.

பழங்குடியினர் மாவட்ட மக்கள்தொகையில் 4.46 விழுக்காடே என்பதால், அவர்கள் எப்படி வாக்களித்தாலும் எண்ணிக்கையால் மட்டும் பெரிய மாற்றம் விளையாது. ஊராட்சிகளில் அவர்களுக்கு வழி திறப்பது அரசியலமைப்பின் 243ஈ பிரிவு தரும் ஒதுக்கீடே. ஆனால் நகராட்சியில் தலைவரை வார்டு உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பதால், அங்கே தலைமைக்கு வரும் பழங்குடியினர் ஒருவர் முதலில் பிற சமூகத்தார் வாக்கைப் பெற்று வார்டில் வென்று, பின்னர் கட்சிக் கட்டுப்பாட்டால் உறுப்பினர் ஆதரவைப் பெற வேண்டியுள்ளது. தமிழ்நாட்டில் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைக்குட்பட்ட பழங்குடிப் பகுதி இல்லாமையால், அத்தகைய பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும், அது பழங்குடிக் கிராமசபைக்குத் தரும் அதிகாரமும் இங்கு வந்து சேரவில்லை. நாற்காலி கிடைத்தும் அதிகாரம் கிடைக்காத இக்குறை களையப்பட வேண்டியது.

முறையியல் பற்றியும் சிறிது கூறுவது கடன். ஒரு பகுதியின் மொத்தக் கணக்கிலிருந்து தனிமனிதரின் நடத்தையை ஊகிப்பது தவறாக முடியலாம் என்று டபிள்யூ. எஸ். ராபின்சன் 1950இலேயே காட்டினார். அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்குகளில், இனவாரியாகப் பிளவுபட்ட வாக்களிப்பை மெய்ப்பிக்கும் முறைகளை உச்ச நீதிமன்றமே 1986இல் எடைபோட்டது. எனினும் அங்கே தென்மாநிலங்கள் சிலவற்றின் பட்டியல்களில் இனம் பதிவாகியுள்ளது. இந்திய வாக்காளர் பட்டியலில் அது பதிவாவதில்லை, பதிவாகவும் கூடாது. பெயரைக் கொண்டு இனத்தை ஊகித்து வார்டு முடிவோடு பொருத்திவிட்டு, அதனைக் கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் வழக்கம் நம்மிடையே பெருகி வருவது கவலைக்குரியது.

ஆய்வாளர் தாசில்தார் அலுவலகத்துச் சான்றிதழ்க் கோப்புகளையும், வார்டு வரையறை அறிவிக்கைகளையும், லயன் வீட்டு முகவரிகளையும் வாசிக்கத் தொடங்க வேண்டும். அதேவேளை, மந்து எனப்படும் தோடர் சிற்றூர் ஒன்றிலோ பணியர் குடியிருப்பு ஒன்றிலோ வாக்காளர் சிலரே இருப்பர். அத்தகைய சிறு இடங்களின் வாக்கைப் பிரித்துக்காட்டி அச்சிட்டால் அவர்களின் இரகசிய வாக்குரிமையை ஆய்வே பறித்ததாகும். இவ்விரு நாள்களில் படிக்கப்படும் கட்டுரைகளில் அவ்வாறான அட்டவணை இருப்பின், அதனை அச்சுக்கு அனுப்பும் முன் நீக்கிவிடுமாறு கட்டுரையாளர் அனைவரையும் இவ்வவை கேட்டுக்கொள்கிறது.