அச்சமும் மறுதலிப்பும்
(வேம்பாரில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



1544-ஆம் ஆண்டில் மன்னாரில் வாளுக்கு இரையான வேதசாட்சிகளையும், 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையிற் சுடப்பட்டு உயிர்நீத்த புனித தேவசகாயம் பிள்ளையையும் நாம் நாளும் போற்றுகின்றோம். போற்றுதல் தகும். ஆயினும், அஞ்சி மறுதலித்தாரைப்பற்றி யாவரும் வாய் திறப்பதில்லை. யாம் இன்று பேசப் புகுந்தது அவர்களைப்பற்றியே.

மறுதலித்தாருள் தலையாயவர் அர்ச். இராயப்பர் அன்றோ? உயிரையும் தருவேன் என்று மாலையிற் கூறியவர், விடியுமுன் ஓர் ஊழியப் பெண்ணின் வினாவுக்கு அஞ்சி, தம் ஆண்டவரை அறியேன் என்றார், அதுவும் மும்முறை. சேவல் கூவிற்று. அவர் வெளியே சென்று மனங்கசந்து அழுதார். அவ்வழுகையே அவர் திரும்பிவந்த வழியாயிற்று.

நம் கடற்றுறைகளின் எதிர்க்கரையிலும் அத்தகைய காலம் ஒன்று உண்டாயிற்று. 1658-இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். இக்கரையில் நம் முன்னோர் பெரும்பாலும் தம் வேதத்தை விடாது நின்றனர். யாழ்ப்பாணத்திலோ கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருக்கள் துரத்தப்பட்டனர். உத்தியோகம், காணி, விவாகப் பதிவு ஆகியவற்றை இழக்க அஞ்சிய பலர் ஒல்லாந்தர் கோவிலிற் பெயரைப் பதிந்து, வீட்டினுள்ளே செபமாலையை ஒளித்து வைத்து வாழ்ந்தனர்.

இவர்களைத் தேடிப் புறப்பட்டவர் கோவாவைச் சேர்ந்த குருவாகிய யோசேவாஸ் முனிவர். அவர் தூத்துக்குடிக்கு வந்து, கூலியாள் கோலத்திற் கடல்கடந்து, 1687-இல் யாழ்ப்பாணம் புகுந்தார். கழுத்திற் செபமாலையுடன் வீடுவீடாய்ப் பிச்சை கேட்டு நடந்தார். அதைக் கண்டு எவர் முகம் மலர்கின்றது என்று நோக்கினார். அங்ஙனம் இனங்கண்டோர் ஒருவர் ஒருவராய் அவரிடம் வந்து பாவசங்கீர்த்தனம் செய்து மீண்டனர். ‘ஏன் மறுத்தாய்?’ என்று இகழ்ந்திருப்பாராயின் ஒருவரேனும் வந்திருப்பரோ? 2015-இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது.

யாம் ஒரு குற்றத்தைச் சொல்லிவிடல் வேண்டும். ஒருகால் இரயில் பிரயாணத்தில் நம் வேதத்தைச் சிலர் எள்ளி நகையாடினர். எம் கை தானே எழுந்து கழுத்திற் கிடந்த செபமாலையைச் சட்டைக்குள் தள்ளிற்று. வாளில்லை, சிறையில்லை, நகைப்புக்கே அஞ்சினோம். அந்நாள் முதல் யாழ்ப்பாணத்தாரைப் பழிக்க எமக்கு நா எழுவதில்லை.

அன்பர்களே! நம் முன்னோர் முத்துக்குளித்த காலத்தில், கல்லைப் பற்றி ஆழத்தில் இறங்கினவன் மூச்சு முட்டிக் கயிற்றை அசைப்பான். தோணியில் நிற்பவன் உடனே இழுப்பான். சிப்பி எத்தனை என்று கேட்டபின் இழுப்பவன் எவனும் இலன். நம்முள்ளும் பிழைப்பை அஞ்சியோ பிறர் நகைப்பை அஞ்சியோ விலகி நிற்பார் உளர். அவர் வீட்டு நன்மை தீமைக்குச் செல்வோம். அவர் பெயரைச் சொல்லி ஏளனஞ் செய்யாதிருப்போம். அவர் என்றேனும் கயிற்றை அசைப்பர். அப்பொழுது நம் கையிற் கயிறு இருத்தல் வேண்டும்.